வைப்அவுட்: முதல் ஆட்டமா, 2097-ஆ? சுவரில் இடிக்காமல் ஓட்டுவது எப்படி?

சாரல்காற்று, செங்கோட்டை:

வணக்கம். மாமா மகன் சார்ஜாவிலிருந்து வந்தபோது, அங்கே அறையில் கூட இருந்தவர் விட்டுப்போன பழைய சாம்பல் நிற பிளேஸ்டேஷனைக் கையோடு கொண்டுவந்துவிட்டான். கூடவே இரண்டு டிஸ்க், இரண்டும் மிதக்கும் வண்டிகளின் பந்தய ஆட்டம். ஒன்று 1995-ல் வந்த வைப்அவுட், இன்னொன்று அதற்கு அடுத்த வருடம் வந்த வைப்அவுட் 2097. இங்கே சாரல் விட்டபாடில்லை. சாயங்காலம் ஆனால் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால்தான்.

என் கேள்வி இது. முதல் ஆட்டத்தில் வண்டி சுவரில் பட்டால் அப்படியே நின்றுவிடுகிறது. மற்ற ஏழு வண்டிகளும் தாண்டிப் போய்விடுகின்றன. 2097-ல் அந்தத் தொல்லை இல்லை, சுவரை உரசிக்கொண்டே போக முடிகிறது. நான் இதுவரை ஓட்டியதெல்லாம் கார் ஆட்டங்கள். வளைவுக்கு முன்னால் பிரேக், உள்பக்கமாக நுழைவது, மறுபடி ஆக்சிலரேட்டர். இங்கே அந்தக் கணக்கு எடுபடவில்லை. பேசாமல் 2097-க்கே போய்விடலாமா? விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

ஆற்றுப்பாலம், குழித்துறை:

தம்பி, முதல் ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள். அந்தச் சுவர்தான் உங்களுக்கு வாத்தியார்.

இந்த வண்டிக்குச் சக்கரம் கிடையாது. கார் ஆட்டத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும், வண்டியின் போக்கும் சேர்ந்து திரும்பும். வைப்அவுட்டில் வண்டி தரைக்கு மேலே மிதக்கிறது. டி-பேடை (கன்ட்ரோலரின் திசைப் பட்டன்) அழுத்தினால் முதலில் திரும்புவது மூக்கு. உடம்பு தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே இன்னும் கொஞ்ச தூரம் போகும். தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் வள்ளம் தள்ளியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் துடுப்பை ஊன்றிப் பிடித்தால் அந்தப் பக்கம் தண்ணீர் இழுக்கும், வள்ளம் அதைச் சுற்றித் திரும்பும். ஏர் பிரேக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. கன்ட்ரோலரின் தோளில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனி பிரேக் இருப்பது அதற்காகத்தான். இடது பிரேக்கைப் பிடித்தால் இடப்பக்கம் மட்டும் காற்று இழுத்து, மூக்கு அந்தப் பக்கம் சட்டென்று வரும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நேராக வேகம் குறையும்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் டி-பேடில் திருப்பப் பார்க்கிறார்கள். அது போதவில்லை என்று தெரிந்த பிறகு ஏர் பிரேக்கை அழுத்துகிறார்கள். அதற்குள் உடம்பு சுவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வரிசையை மாற்றிப் பாருங்கள். வளைவு கண்ணுக்குத் தெரிந்ததுமே, இன்னும் நேர்ப்பாதையில் இருக்கும்போதே, உள்பக்க ஏர் பிரேக்கை ஒரு தட்டு தட்டுங்கள். மூக்கு உள்ளே பார்க்கத் தொடங்கும். பிறகு டி-பேட். வளைவின் நடுவுக்கு வரும் முன்னரே பிரேக்கை விட்டுவிட வேண்டும். கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்தால் மூக்கு தேவைக்கு மேல் திரும்பி, உள்பக்கச் சுவரில் முட்டும்.

டி-பேடில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அழுத்திய உடனே முழுத் திருப்பம் கிடைக்காது, பிடிக்கப் பிடிக்கத்தான் ஏறும். விட்டாலும் உடனே நேராகாது. ஆகவே நீளமாக ஒரே பிடியாகப் பிடிக்காமல் சின்னச் சின்னத் தட்டல்களாகக் கொடுங்கள்.

மேடு பள்ளத்தில் மூக்கைக் கவனியுங்கள். கீழ் பட்டனை அழுத்தினால் மூக்கு தூக்கும். ஏற்றத்தில் மூக்கைத் தூக்காவிட்டால் அடிவயிறு தரையில் உரசும், அங்கே வேகம் போகும். தாண்டிக் குதிக்கும் இடங்களிலும் மூக்கு மேலே இருந்தால் மெத்தென்று இறங்கலாம்.

ஃபைசார் அணியை எடுங்கள். திருப்பத்துக்கு அதுதான் நல்லது, உச்ச வேகம் மட்டும் குறைவு. டைம் ட்ரையலில், அதாவது எதிரி இல்லாமல் நேரத்துக்காக மட்டும் ஓட்டும் முறையில், அல்டிமா செவன் ட்ராக்கை யாரும் குறுக்கே வராமல் தனியாக ஓட்டுங்கள். முதல் நாள் நேரத்தையே பார்க்காதீர்கள். சுவரைத் தொடாமல் ஒரு லேப் முடிக்கப் பாருங்கள், அது போதும். நீங்கள் கேட்ட ‘எப்படி’க்கு என் பதில் இவ்வளவும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன், பாலக்காடு:

அண்ணாச்சி ஏர் பிரேக்கைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. சுவர்தான் வாத்தியார் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

2097-ல் சுவரைத் தளர்த்தியதைச் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த ஆட்டத்தில் தண்டனையை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். முதல் ஆட்டத்தில் வண்டி உடையவே உடையாது. எத்தனை இடித்தாலும் எத்தனை ஏவுகணை வாங்கினாலும் வேகம் மட்டும்தான் நஷ்டம். 2097-ல்தான் ஷீல்டுக்கு, அதாவது வண்டியின் காப்புக்கு, ஓர் அளவு வந்தது. சுவர், ஆயுதம் எல்லாம் அதைத் தின்னும். தீர்ந்தால் வண்டி வெடித்துவிடும், அந்தப் பந்தயம் அங்கேயே முடிந்தது. அதற்காகவே ட்ராக்கின் ஓரமாக ஒரு பிட் லேன் வைத்தார்கள். உள்ளே நுழைந்தால் ஷீல்டு ஏறும், நேரம் போகும். ஒவ்வொரு சுற்றிலும் ‘இப்போது உள்ளே போகலாமா, இன்னும் ஒரு சுற்று தாங்குமா’ என்ற கேள்வி உங்கள் முன்னால் நிற்கும். முதல் ஆட்டத்தில் அந்தக் கேள்வியே கிடையாது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது சித்தூரில் ஒரு கடையில் இரண்டு பிளேஸ்டேஷன் வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். (ஆந்திராவில் இருக்கும் சித்தூர் இல்லை, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்.) கையில் ஒரு மணி நேரத்துக்கான காசுதான் இருக்கும். முதல் ஆட்டத்தைப் போட்டால் அந்த நேரம் முழுக்கச் சுவரிலேயே போகும். பக்கத்தில் நிற்கிற பையன்களும் ‘மாத்துடா’ என்பார்கள். 2097-ஐப் போட்டால் யாரும் எழுந்து போக மாட்டார்கள். தமிழ், மலையாளம் இரண்டிலும் கத்திக்கொண்டு நிற்போம். வெக்டர், வெனம், ரேப்பியர், ஃபேன்டம் என்று நான்கு வேக வகுப்பு. வெக்டரில் தத்தித் தத்தித் தொடங்கியவன், ஃபேன்டமில் கண்ணை மூடித் திறப்பதற்குள் வளைவை எடுக்கும் நிலைக்கு வந்துவிடுவான். படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகிற ஆட்டம்தான் நல்ல வாத்தியார். முதல் ஆட்டத்தில் வெனம், ரேப்பியர் இரண்டே வகுப்பு. வெனமிலிருந்து ரேப்பியருக்குப் போகும்போது நடுவில் ஒரு படி இல்லாமல் தாவ வேண்டியிருக்கிறது.

சாரல்காற்று, 2097-ல் தொடங்குங்கள். டேலன்ஸ் ரீச், சாகர்மாதா என்ற இரண்டு ட்ராக்கும் கை பழகியதும் முதல் ஆட்டத்துக்குத் திரும்பி வாருங்கள். அப்போது அந்தச் சுவர் இவ்வளவு கொடுமையாகத் தெரியாது.

நகரிநெசவு, நகரி:

இரண்டு பேரும் சொன்னதைப் படித்தேன். அதற்கு முன்னால் தம்பியிடம் ஒரு கேள்வி. அந்த டிஸ்க் எந்த நாட்டு டிஸ்க்? வளைகுடாவிலிருந்து வந்தது என்றால் பெரும்பாலும் பால் (PAL) என்ற டிவி முறையாகத்தான் இருக்கும். நம் நாட்டு டிவியும் பால்தான் என்பதால் படம் சிக்கலில்லாமல் வரும். அமெரிக்க, ஜப்பான் டிஸ்க் என்.டி.எஸ்.சி. முறை. பழைய பால் டிவியில் அது கறுப்பு வெள்ளையாகத் தெரியும், சிலதில் உருண்டுகொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் வளைகுடா போய்வந்தவர்கள் வீட்டில் மல்ட்டி சிஸ்டம் டிவி இருக்கும், அங்கே மட்டும் கலரில் ஓடும். எங்கள் தெருவில் அப்படி ஒரே ஒரு வீடுதான். தறியை நிறுத்திய பிறகு ராத்திரியில் அங்கே போய் உட்காருவோம்.

பால் டிஸ்க் நொடிக்கு 50 தடவை திரையைப் புதுப்பிக்கும், என்.டி.எஸ்.சி. 60. அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும். ஆனால் முதல் வைப்அவுட்டைப் பொறுத்தவரை நான் பால் டிஸ்க்கைத்தான் வைத்திருப்பேன். காரணம் பாட்டு. இந்த ஆட்டத்துக்கு இசை அமைத்தவர் டிம் ரைட், கோல்ட் ஸ்டோரேஜ் என்ற பெயரில். அவர் இசை எல்லா டிஸ்க்கிலும் உண்டு. ஆர்பிட்டல், லெஃப்ட்ஃபீல்ட், கெமிக்கல் பிரதர்ஸ் ஆகியோரின் இசை பால் டிஸ்க்கில் மட்டும்தான் வந்தது.

இன்னொன்று தெரியுமா? இந்தப் பாட்டெல்லாம் சாதாரண ஆடியோ சிடியில் இருப்பது மாதிரியே டிஸ்க்கில் பதிந்திருக்கிறது. சிடி பிளேயரில் போட்டு இரண்டாவது ட்ராக்கிலிருந்து கேட்கலாம். முதல் ட்ராக்கில் ஆட்டத்தின் தரவு இருக்கிறது, அதை மட்டும் ஓட விடாதீர்கள், ஸ்பீக்கருக்கு ஆகாது. எங்கள் ஊர்க் கேசட் கடைக்காரர் அதை வாங்கிப் போட்டுவிட்டு, இது என்ன படத்துப் பாட்டு என்று கேட்டார். ஆட்டத்துப் பாட்டு என்றால் நம்பவே இல்லை.

இசையை நான் இவ்வளவு இழுத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஆட்டத்தின் வடிவமைப்பாளர் நிக் பர்கோம்ப், சூப்பர் மரியோ கார்ட் விளையாடும்போது அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டு டெக்னோ இசையைப் போட்டு ஓட்டியதாகவும், அப்படி ஒரு பந்தயம் வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததாகவும் சொல்லியிருக்கிறார். ஆகவே பாட்டை அணைத்துவிட்டு ஓட்டாதீர்கள். பிரேக்கைத் தட்டுவதும் விடுவதும் நாளாவட்டத்தில் பாட்டோடு சேர்ந்துவிடும்.

ஏலத்தோட்டம், வண்டன்மேடு:

தம்பிமார் எல்லோரும் பழைய சாம்பல் பெட்டியையே சுற்றி வருகிறீர்கள். நான் இந்த வரிசைக்குள் நுழைந்தது 2008-ல் வந்த வைப்அவுட் எச்டி வழியாக, பிளேஸ்டேஷன் 3-ல். கேட்டவர் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஆடுகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எச்டியில் பைலட் அசிஸ்ட் என்று ஒன்று உண்டு. சுவரை நெருங்கினால் வண்டியை மெல்ல உள்ளே தள்ளிவிடும். என் மகள் ஆறாம் வகுப்பில் அதைப் போட்டுக்கொண்டுதான் தொடங்கினாள். ட்ராக் மனதில் பதிந்ததும் அவளே அதை நிறுத்திவிட்டாள், நான் சொல்லவில்லை. அசிஸ்ட் இருந்தால் பந்தயத்தை முடிக்கலாம், நல்ல நேரம் எடுக்க முடியாது. அது தள்ளுகிற தள்ளில் கொஞ்சம் வேகம் போகும். பிள்ளைகளுக்கே அது புரிந்துவிடும்.

ஸோன் என்ற முறையையும் எல்லோரும் ஆடிப் பார்க்க வேண்டும். வைப்அவுட் ஃப்யூஷன் ஆட்டத்தில், 2002-ல், தொடங்கியது. ஆக்சிலரேட்டர் உங்கள் கையில் இல்லை. வண்டி தானே ஓடும், போகப் போக வேகம் ஏறிக்கொண்டே இருக்கும். எதிரி கிடையாது, ஆயுதம் கிடையாது. திருப்பவும் ஏர் பிரேக் பிடிக்கவும் மட்டும்தான் முடியும். இடித்தால் சக்தி குறையும், தீர்ந்தால் முடிந்தது. ஆற்றுப்பாலம் சொன்ன ‘முன்னாலேயே தட்டு’ என்ற பாடத்தை ஸோனைவிடச் சுத்தமாக எதுவும் சொல்லித்தராது. அங்கே காலதாமதத்துக்கு இடமே இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பளிச் பளிச்சென்று ஒளி சிமிட்டுகிற ஆட்டம் இது. எச்டி வெளியாவதே அந்தக் காரணத்தால் தள்ளிப்போனது. ஒளிச்சிமிட்டலால் வலிப்பு வரக்கூடியவர்களுக்குத் தீங்கு செய்யுமா என்ற சோதனையில் சிக்கி, மாற்றம் செய்த பிறகுதான் வந்தது. பழைய ஆட்டங்கள் வந்த காலத்தில் அதையெல்லாம் இவ்வளவு பார்க்கவில்லை. வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்த வரலாறு இருந்தால் இந்த ஆட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். மற்றவர்களும் விளக்கை அணைத்துவிட்டு ஆட வேண்டாம்.

ஆற்றுப்பாலம், குழித்துறை:

அக்கா சொன்ன எச்சரிக்கையை இழையின் தலைப்பிலேயே வைக்கலாம்.

ஸோனைப் பற்றிச் சொன்னதும் பொன்னான பேச்சு. பைலட் அசிஸ்டில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. அது தள்ளும்போது, வண்டி தானாகத் திரும்பியதா, நம் கை திருப்பியதா என்று பிரித்துப் பார்க்க முடியாது. கை தவறான நேரத்தையே பழகிக்கொள்ளும். உங்கள் மகள் தானே நிறுத்தினாள் என்றால் அது அவளுடைய கெட்டிக்காரத்தனம்.

கொழிஞ்சாம்பாறை நண்பருக்கும் ஒரு வார்த்தை. படி இல்லை என்கிறீர்கள். முதல் ஆட்டத்தில் படி அணிகளில் இருக்கிறது. ஃபைசாரில் தொடங்கி, ஆரம்ப வேகத்துக்கு ஏஜி சிஸ்டம்ஸ், நடுத்தரமாக ஆரிகாம், கடைசியாகக் கைரெக்ஸ். கைரெக்ஸ் கனம், உச்ச வேகம் அதிகம், திரும்பவே திரும்பாது. அதை ஓட்டத் தெரிந்தவனுக்கு ஏர் பிரேக் முழுதாகக் கைவந்துவிட்டது என்று அர்த்தம். ஆறு ட்ராக்குகளிலும் கைரெக்ஸை ஓட்டிப் பார்த்துவிட்டு 2097-க்குப் போனவர்கள், அங்கே ஃபேன்டமிலும் பிட் லேனை அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன், பாலக்காடு:

பிட் லேனை எட்டிப் பார்க்காமல் ஃபேன்டமை முடிக்கிறவர்கள் எங்கள் கடையிலும் இருந்தார்கள் அண்ணாச்சி. 2097-லேயே தொடங்கி 2097-லேயே வளர்ந்தவர்கள்.

சாரல்காற்று, செங்கோட்டை:

எல்லோருக்கும் நன்றி. டிஸ்க்கில் பால் என்றுதான் போட்டிருக்கிறது.

டைம் ட்ரையலில் அல்டிமாவை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வளைவுக்கு முன்னாலேயே தட்டிவிட்டு, பிறகு திருப்பினால் வண்டி கேட்கிறது. இரண்டு வளைவு அடுத்தடுத்து எதிரெதிராக வரும் இடத்தில்தான் சிக்கல். முதல் வளைவில் சரியாக நுழைகிறேன், அடுத்ததற்கு மூக்கைத் திருப்ப நேரம் கிடைக்கவில்லை. அங்கே என்ன செய்வது?

இன்னொன்று, மச்சான் 2097-ல் எந்நேரமும் ஆயுதத் தட்டுகளை (மேலே ஓட்டினால் ஆயுதம் தரும் ட்ராக் அடையாளங்கள்) தேடியே ஓட்டுகிறான். ஆயுதம் அவ்வளவு முக்கியமா?

ஆற்றுப்பாலம், குழித்துறை:

அடுத்தடுத்து வரும் வளைவில் முதல் வளைவைத் தியாகம் செய்ய வேண்டும். அதை அழகாக எடுக்க நினைக்காதீர்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் தட்டி, மூக்கு இன்னும் முதல் வளைவுக்குள் இருக்கும்போதே எதிர்ப்பக்க பிரேக்கைத் தட்டுங்கள். உடம்பு முதல் வளைவின் வெளியோரமாகச் சறுக்கிக்கொண்டு போகும். அந்தச் சறுக்கலே உங்களை இரண்டாவது வளைவின் வாசலில் கொண்டு விடும். அந்த ஓர் இடத்தில் கட்டைவிரலை ஆக்சிலரேட்டரிலிருந்து ஒரு கணம் எடுப்பதும் தப்பில்லை. கிரீன்லாந்தில் வரும் சில்வர்ஸ்ட்ரீம் போன்ற கடைசி ட்ராக்குகளுக்குப் போகும்போது இது இல்லாமல் நடக்காது.

ஆயுதத்தைப் பற்றி கொழிஞ்சாம்பாறைக்காரர் சொல்லட்டும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன், பாலக்காடு:

முதல் ஆட்டத்தில் ஆயுதம் எதிரியைத் தாமதப்படுத்த மட்டும்தான். ராக்கெட் நேராகப் போகும், மிசைல் குறிவைத்துத் துரத்தும், மைன் பின்னால் விழும். உங்களுக்கு உண்மையில் உதவுவது ஷீல்டும் டர்போவும்.

2097-ல் கதை வேறு. எதிரியை மொத்தமாக அழித்துவிடலாம், ஒரு குரல் அதை அறிவிக்கவும் செய்யும். குவேக் டிஸ்ரப்டரை விட்டால் முன்னால் ட்ராக்கே அலையாகப் புரண்டு போகும், அதில் அகப்பட்டவர்கள் தூக்கி எறியப்படுவார்கள். பிளாஸ்மா போல்ட் கொஞ்ச நேரம் சேர்த்துத்தான் சுடும், பட்டால் எதிரி மிஞ்சுவது அபூர்வம். சுடும் அந்தக் கணத்தில் வண்டி நேராக இருக்க வேண்டும், ஆகவே வளைவில் அழுத்தாதீர்கள். உங்கள் மச்சானிடம் இதைச் சொல்லுங்கள்: ஆயுதத் தட்டுக்காக ஓட்டப் பாதையை விட்டு விலகினால் அங்கேயே நஷ்டம். வேகத் தட்டுகள் நல்ல பாதை எது என்று பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆயுதத் தட்டு அந்தப் பாதையில் வந்தால் எடு, வராவிட்டால் விடு.

ஆட்டோபைலட்டை யாரும் மதிப்பதில்லை. கொஞ்ச நேரம் வண்டியைத் தானே ஓட்டிக்கொள்ளும். நெருக்கமான வளைவுகள் உள்ள ஸ்பில்ஸ்கினாங்கே போன்ற ட்ராக்கில் அதைச் சேமித்துவைத்து, மோசமான இடம் வரும்போது போடுங்கள்.

ஆரம்பாக்கம்எல்லை, ஆரம்பாக்கம்:

இத்தனை பேர் பேசியும் எஃப்-ஜீரோவின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. மிதக்கும் வண்டிப் பந்தயத்துக்கு அடித்தளம் போட்டதே அதுதான். 1990 நவம்பரில் ஜப்பானில் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கன்சோலுடன் வந்தது. ப்ளூ ஃபால்கன் முதலாக நான்கே வண்டி, பதினைந்து ட்ராக். மோட் செவன் என்ற உத்தியால் ஒரு தட்டையான படத்தைச் சுழற்றியும் பெரிதாக்கியும் அதுதான் ரோடு என்று நம்ப வைத்தார்கள். மேடு பள்ளம் கிடையாது, இரண்டு பேர் சேர்ந்து ஆடவும் முடியாது. ஆனால் அந்த வேகம்! ஒரு சுற்று முடித்தால் ஒரு பூஸ்ட், அதாவது கொஞ்ச நேர வேக உந்துதல், கிடைக்கும். சுவரை உரசினால் சக்தி போகும், அதை ஏற்ற ஓரமாக ஒரு பட்டை. 2097-ன் ஷீல்டு, பிட் லேன் என்று கொழிஞ்சாம்பாறைக்காரர் சொன்னதெல்லாம் இங்கே ஏற்கெனவே இருந்தது.

1998-ல் வந்த எஃப்-ஜீரோ எக்ஸில் முப்பது வண்டி ஒரே நேரத்தில், நொடிக்கு 60 ஃபிரேம். அதற்காகக் காட்சியின் அலங்காரத்தையெல்லாம் குறைத்துவிட்டார்கள். அதிலிருந்து பூஸ்ட் உங்கள் உயிரையே எரித்துத்தான் கிடைக்கும். எவ்வளவு எரிக்கலாம் என்பதுதான் ஆட்டம். 2003-ல் வந்த எஃப்-ஜீரோ ஜிஎக்ஸை நின்டெண்டோவுக்காகச் செய்தது சேகாவின் அம்யூஸ்மென்ட் விஷன் ஸ்டூடியோ. இந்த வகையில் அதைவிடக் கடினமான, அதைவிட நியாயமான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. தம்பி, இரண்டும் தெரிந்த பிறகு அதையும் ஒரு தடவை ஆடிப் பாருங்கள்.

ஆற்றுப்பாலம், குழித்துறை:

நல்ல நினைவூட்டல். எஃப்-ஜீரோவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் கைக்கு வேறு வேறு. எஃப்-ஜீரோவில் வண்டி ட்ராக்கோடு ஒட்டிக்கொண்டு சீறும், முடிவெடுப்பதெல்லாம் பூஸ்டைப் பற்றி. வைப்அவுட்டில் கனத்தை எப்படிச் சுமந்து போவது என்பதே முடிவு. நான் திரும்பத் திரும்பப் போவது கனம் இருக்கும் ஆட்டத்துக்குத்தான்.

இங்கே யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ட்ராக்கில் இருக்கும் சின்னங்கள், அணி முத்திரைகள், எழுத்துரு எல்லாம் ஷெஃபீல்டில் இருந்த டிசைனர்ஸ் ரிபப்ளிக் என்ற நிறுவனம் செய்தது. அட்டைப்படமும் கையேடும் கூட அவர்களுடையதுதான். அது வெறும் அழகுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பழைய பிளேஸ்டேஷனில் தூரத்துக் காட்சி திடீரென்று முளைக்கும், தரையின் ஓவியம் நெளியும். அந்தக் குழப்பத்துக்கு நடுவில், சுவரில் ஒட்டியிருக்கும் பெரிய விளம்பரப் பலகையும் தெளிவான நிறமும்தான் ‘இந்த இடத்தில் தட்டு’ என்று கண்ணுக்கு அடையாளம் வைக்கின்றன. டைம் ட்ரையலில் ஒவ்வொரு வளைவுக்கும் அப்படி ஒரு பலகையைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வளைவைப் பார்த்து பிரேக் போட்டால் தாமதம், பலகையைப் பார்த்துப் போட்டால் நேரத்துக்கு இருக்கும்.

வைப்அவுட் ஆட்டங்களைச் செய்த லிவர்பூல் ஸ்டூடியோவை 2012-ல் சோனி மூடிவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை. அதே வருடத் தொடக்கத்தில்தான் சோனியின் கையடக்கக் கன்சோலான வீட்டாவில் வைப்அவுட் 2048 வந்திருந்தது.

நகரிநெசவு, நகரி:

மூடினாலும் ஆட்டம் போகவில்லை அண்ணா. 2017-ல் பிளேஸ்டேஷன் 4-க்கு ஒமேகா கலெக்ஷன் வந்தது, எச்டியும் 2048-ம் அதில் உண்டு. முதல் ஆட்டத்தின் மூல நிரல் 2022-ல் வெளியே கசிந்தது. அடுத்த வருடம் ஒரு ஜெர்மன் நிரலாளர் அதை எடுத்துச் சுத்தமாகத் திருத்தி எழுதி, பிரவுசரிலேயே ஓட வைத்துவிட்டார். கன்சோல் இல்லாதவர்கள் அதில் ஏர் பிரேக் பழகலாம். கீபோர்டும் டி-பேட் மாதிரிதானே, அழுத்து, விடு என்று இரண்டே நிலை.

தம்பிக்கு டிவி பற்றி ஒன்று. புதிய எல்இடி டிவியில் பழைய பெட்டியை மாட்டினால், நீங்கள் பட்டனை அழுத்துவதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவில் சின்னத் தாமதம் வரும். முன்னாலேயே தட்டியும் வண்டி சுவருக்குப் போகிறது என்றால் டிவியைச் சந்தேகப்படுங்கள். அமைப்பில் கேம் மோட் இருந்தால் போடுங்கள். வீட்டு மாடியில் பழைய குழாய் டிவி கிடந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

ஏலத்தோட்டம், வண்டன்மேடு:

குழாய் டிவி என்றால் ஸ்டெபிலைசரும் சேர்த்து வையுங்கள். எங்கள் மலைப் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் படமே நாலு பக்கமும் சுருங்கிவிடும், ட்ராக்கின் ஓரம் தெரியாது.

சாரல்காற்று, செங்கோட்டை:

பழைய டிவி பாட்டி அறையில் இருந்தது, இறக்கி வைத்துவிட்டோம். வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. நேற்று ராத்திரி ஃபைசாரில் சுவரைத் தொடாமல் ஒரு லேப் முடிந்தது. எதிர்ப்பக்க பிரேக் தட்டுவது இன்னும் சில நேரம் தாமதமாகிறது, ஆனால் பலகையைப் பார்த்துப் போடும் யோசனை ரொம்ப உதவியது.

முடிவுக்கு வந்தாயிற்று. நான் முதல் ஆட்டத்தை வெனமில் முடிக்கும் வரை விடப்போவதில்லை. மச்சான் 2097-லேயே இருக்கட்டும். யாருக்கு ஏர் பிரேக் முதலில் படிகிறது என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். கடைசியாக ஒன்று, இங்கே மழை நேரத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சேவ் செய்வதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நகரிநெசவு, நகரி:

மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தச் சேவ் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிறகு சேவ் செய்யுங்கள், கரண்ட் போனாலும் ஒரு பந்தயம்தான் போகும். கார்டில் பதினைந்து கட்டம்தான் இடம், வேறு ஆட்டங்களின் பழைய சேவ் கிடந்தால் அழித்துவிடலாம். இன்னொரு கார்டு கிடைத்தால் பிரதி எடுத்து வையுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன், பாலக்காடு:

மச்சான் ரேப்பியருக்கு வந்ததும் இங்கே எழுதச் சொல்லுங்கள். சாகர்மாதாவில் அவருக்கு எந்த வளைவு தொந்தரவு தருகிறது என்று தெரிந்தால் நான் சொல்கிறேன்.